மாமியார் வந்தாளா?

செவ்வாய், மாலை

அன்பும் பிடிவாதமும் நிறைந்த என் வீட்டுக்காரருக்கு,

நான் நலம். உங்கள் நலத்தை உங்களிடம் கேட்டால் உண்மை வராது என்பதால் உங்கள் தம்பியிடம் கேட்டுக்கொண்டேன். துணி எடுத்துப்போக வந்தவர் நாளை காலை முதல் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குத் திரும்புகிறார். போனில் ஆபரேஷன் என்று ஆரம்பித்தாலே "சிக்னல் சரியில்ல" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்துக்கு சிக்னல் வேண்டாம். முழுவதும் படியுங்கள்.

இதய வால்வை மாற்ற வெள்ளிக்கிழமை காலை நேரம் குறித்திருக்கிறார்கள். வியாழன் மாலைக்குள் நீங்கள் ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போடாவிட்டால் அந்த நேரம் வேறொருவருக்குப் போய்விடும். அடுத்தது ஒன்றரை மாதம் கழித்துத்தான். அதுவரை இதயம் தாங்காது என்று டாக்டர் சொன்னதைத் தம்பி உங்களிடம் மறைத்துவிட்டார். நான் மறைக்கப்போவதில்லை.

நீங்களோ "மாமியார் வரட்டும், போடறேன்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறீர்கள். நர்ஸம்மா பாவம், நிஜமாகவே என் அம்மா வரப்போகிறாள் என்று பார்வையாளர் சீட்டு எழுதி வைத்திருந்தாராம்! பதினெட்டு வருடத்துக்கு முன் நீங்கள் காலில் ஆரஞ்சு வளையம் மாட்டிய, வருடாவருடம் நம் கடற்கரைக்கு வரும் 471-ஆம் எண் மூக்கன் பறவைக்கு நாம் வைத்த பட்டப்பெயர் அது என்று தம்பி விளக்கியபோது இன்னும் குழம்பிப் போனாராம்.

கடலோரச் சேற்றுவெளியில் இந்த வசந்தத்திலும் பறவைக் கூட்டம் நன்றாக இறங்கியிருக்கிறது. வடக்கே கிளம்புமுன் தின்று கொழுக்கின்றன. நேற்று உள்ளான் பறவை மட்டும் இரண்டாயிரத்து முந்நூறு. நீங்கள் சொன்னபடி ஒருநாள் விடாமல் எண்ணுகிறேன். தையல் கடையைப் பத்து மணிக்குத் திறப்பதால், ரவிக்கை தைக்கக் கொடுத்தவர்கள் என்னை முறைக்கிறார்கள். நேற்றுவரை 471 மட்டும் கண்ணில் படவில்லை.

நேற்று தம்பி, "அண்ணி, வந்துடுச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. அண்ணன் என்ன, எழுந்து வந்தா பார்க்கப்போறாரு?" என்றார். எழுதினேன். உறையையும் ஒட்டிவிட்டேன். ஆனால் தூக்கம் வரவில்லை. கல்யாணமான புதிதில், வளையத்தில் சரியாகத் தெரியாத எண்ணை ஊகித்து எழுதியதற்காக எட்டு நாள் என்னுடன் பேசாமல் இருந்தவர் நீங்கள். "பார்க்காததை எழுதினா அது கதை" என்றீர்கள். விடிந்ததும் முதல் வேலையாக அந்த உறையைக் கிழித்தேன்.

இன்று காலை, தொலைநோக்கியில் நாற்பது மூக்கன்கள். ஓரத்தில் ஒன்று தனியாக, ஒரு காலை வயிற்றுக்குள் மடக்கி நின்றது. நின்ற காலில் வளையம் இல்லை. மடக்கிய காலைப் பார்த்தாக வேண்டும். கடல் ஏறத் தொடங்கியிருந்தது. தண்ணீர் என் கணுக்காலுக்கு வந்தது, பிறகு முழங்காலுக்கு. கரையிலிருந்து தம்பி கத்துகிறார். நான் அசையவில்லை, அசைந்தால் பறந்துவிடும். திடீரென்று வல்லூறு ஒன்று பாய்ந்தது. மொத்தக் கூட்டமும் எழும்பியது. போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சுற்றிவிட்டு இன்னும் அருகில் வந்து இறங்கின. அது இரண்டு காலிலும் நடந்தது. ஆரஞ்சு வளையம். நாலு. ஏழு. மூன்றாவது எண்ணை அப்பியிருந்தது சேறு. தண்ணீர் தொடையைத் தொட்டபோது தம்பி வந்து என்னை இழுத்துக்கொண்டு போனார்.

பக்கத்துப் பறவையைக் கொத்தி விரட்டிய அதிகாரத்தைப் பார்த்தால் நம் மாமியாரேதான். ஆனால் அன்று நீங்கள் 470 முதல் 479 வரை வளையம் மாட்டிய பத்தில் எதுவாகவும் இருக்கலாம். குறிப்பேட்டில் நாலும் ஏழும் எழுதி, மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியே.

இதற்குமேல் நிச்சயம் என்னிடம் இல்லை. டாக்டரிடமும் இல்லை. உங்களைத் தடுப்பது பறவை அல்ல, பயம். அது எனக்குத் தெரியாதா? எனக்கும் பயம்தான். இன்று முழுக்க ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

நீங்கள் எண்ணிக்கை எழுதும் பேனாவை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். அந்த ஒப்புதல் தாளில் இந்தப் பேனாவாலேயே கையெழுத்துப் போடுங்கள்.

வியாழன் எண்ணி முடித்ததும் பஸ் ஏறுகிறேன். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நான் இருப்பேன். அதனால் பதினெட்டு வருடத்தில் முதன்முறையாக, குறிப்பேட்டின் வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் ஒரு பறவைகூட இருக்காது. இது மன்னிக்க முடியாத குற்றம் என்று எனக்குத் தெரியும். கண் விழித்ததும் என்னை நன்றாகத் திட்டுங்கள். எட்டு நாள் வேண்டுமானாலும் பேசாமல் இருங்கள். பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

உங்கள் திட்டுக்குக் காத்திருக்கும்,
மனைவி