வெள்ளிக்கிழமை வலி

மார்ச் 3, ஞாயிறு

வாண்டின் அம்மாவுக்கு,

போனில் பேசினால் கத்துகிறோம், இனி எழுதிக்கொள்ளலாம் என்று சொன்னது நீதான். எழுதுகிறேன். அவள் பள்ளிப் பையின் பக்க அறையில் வைக்கிறேன்.

வெள்ளி சாயங்காலத்திலிருந்து நன்றாகத்தான் இருந்தாள். இன்று உன்னிடம் கிளம்பும் நேரத்தில் இடது முட்டி வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டாள். நாலு மாடி தூக்கிக்கொண்டு இறங்கினேன். அங்கே வர அவளுக்கு மனசில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு அதை வேறு எப்படிச் சொல்லத் தெரியும்? யோசித்துப் பார்.

அவள் அப்பா

மார்ச் 8, வெள்ளி

வாண்டின் அப்பாவுக்கு,

யோசித்தேன். இங்கே அவளுக்கு வெள்ளிக்கிழமை ஆனால் வலது கணுக்கால் வலிக்கிறது. உங்களிடம் கிளம்பும் நாள். “அப்பா வீட்டுப் படி வேணாம்மா” என்கிறாள். ஊரிலுள்ள லிப்டையெல்லாம் பழுது பார்க்கிறவர், லிப்ட் இல்லாத கட்டடத்தில் நாலாவது மாடியில் குடியிருந்தால் பிள்ளை என்ன செய்யும்?

சாயங்காலமானால் உடம்பு சுடுகிறது. மருந்து பையில் இருக்கிறது. சைக்கிள் வேண்டாம்.

அவள் அம்மா

மார்ச் 17, ஞாயிறு

வாண்டின் அம்மாவுக்கு,

சைக்கிளைத் தொடவில்லை. ஆனால் அவள் கெண்டைக்காலில் இரண்டு இடத்தில் நீலமாகக் கன்றியிருக்கிறது. எங்கே விழுந்தாள்? கேட்டால், “விழலப்பா, அதுவா வந்துச்சு” என்கிறாள். யாரைக் காப்பாற்றுகிறாள்?

எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போய்ப் படம் எடுத்தேன். எலும்பில் ஒன்றுமில்லையாம். வளரும் வயதின் வலியாம். எனக்குத் தெரியும், எங்கே இருக்கிறதென்று. மனசில்.

அவள் அப்பா

மார்ச் 22, வெள்ளி

என்னைப் பிள்ளையை அடிக்கிறவள் என்கிறீர்களா? எழுதியே விடுங்கள்.

நேற்று அவள் பாவாடை இடுப்பை இரண்டாம் முறையாகப் பிடித்துத் தைத்தேன். சீருடைத் தையல் கூடத்தில் நாள் முழுக்க, வளரும் பிள்ளைகளுக்கென்று மடிப்பு விட்டுத் தைக்கிறேன். இவளுக்கு மட்டும் உள்ளே பிடிக்கிறேன்.

காலையில் எழுந்ததும் தவழ்ந்து குளியலறைக்குப் போகிறாள். “நாடகம் போடாதடி” என்று கத்திவிட்டேன். “சரிம்மா” என்று எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அந்தச் ‘சரிம்மா’ காதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

இந்த வாரம் அனுப்பவில்லை. இதைக் கூடத்துப் பையன் கொண்டுவந்து தருவான். திங்கள் காலை பெரிய மருத்துவமனைக்குப் போகிறோம். வருவதானால் வாருங்கள். வாயை வீட்டில் வைத்துவிட்டு.

அவள் அம்மா

மார்ச் 26, செவ்வாய்

போன் செய்தேன், எடுக்கவில்லை. இதைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகிறேன்.

நேற்று மருத்துவமனையில் ‘எந்தக் காலில் வலி’ என்ற ஒரு கேள்விக்கு நான் இடது முட்டி என்றேன், நீ வலது கணுக்கால் என்றாய். கத்தினோம். வாண்டு காதைப் பொத்திக்கொண்டாள். நீ அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போன பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும்.

“எப்ப எங்க வலிச்சுதுன்னு எழுதி வெச்சிருக்கீங்களா?” என்று டாக்டரம்மா கேட்டார். உன் கடிதங்கள் என் கருவிப் பையில் இருந்தன, எடுத்துக் கொடுத்தேன். நான் எழுதியதை நினைவிலிருந்து சொன்னேன். யாரைக் காப்பாற்றுகிறாள் என்ற வரியையும் சொன்னேன், தரையைப் பார்த்துக்கொண்டு.

தேதி வாரியாகக் குறித்துக்கொண்டார். “ரெண்டு பேரும் சரியாத்தான் சொல்றீங்க. வலி இடம் மாறிட்டே இருந்திருக்கு. காய்ச்சல் ஒரு வீட்டுல, கன்னிப்போனது இன்னொரு வீட்டுல. முழுப் பிள்ளைய யாருமே பாக்கல.”

பார்த்தால் மூட்டு வாதம் மாதிரிதானாம். ஆனால் ரத்தத்தில் அணுக்கள் குறைவு. வாதத்துக்கான மருந்தை இப்போதே கொடுத்தால் உள்ளே இருக்கும் நோய் சோதனையில் தெரியாமல் ஒளிந்துகொள்ளுமாம். முதலில் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்துப் பார்க்க வேண்டும். வியாழக்கிழமை.

எதைச் சந்தேகப்படுகிறீர்கள் என்று கேட்டேன். சொன்னார். அந்தச் சொல்லை எழுதக் கை வரவில்லை. மூன்று தாள் கிழித்துவிட்டேன். ரத்தப் புற்றுநோய்.

எழுதிவிட்டேன். கதவைத் திறக்கும்போது வாசலில் நிற்க மாட்டேன், பயப்படாதே. போனையாவது எடு.

ஏப்ரல் 4, வியாழன்

வாண்டின் அப்பாவுக்கு,

மஜ்ஜைச் சோதனையின் முடிவை நீங்களும்தான் கேட்டீர்கள். எலும்புக்குள் அது பெருகி நெருக்குவதால்தான் அந்த வலியாம். அப்படியென்றால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவளுக்கு நிஜமாகவே வலித்திருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும்.

சிகிச்சை இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும். நிறையப் பிள்ளைகள் பிழைத்துவிடுகிறார்கள் என்கிறார் டாக்டரம்மா. நிறைய என்றால் எத்தனை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

உங்களை நான் மன்னிக்கவில்லை. என்னையும்தான். அதற்கெல்லாம் இப்போது நேரமில்லை.

நாளைக்குக் காலை எட்டு மணிக்கு இந்த வார்டிலேயே முதல் மருந்து ஏற்றுகிறார்கள். நாளைக்கு வெள்ளி, அவள் உங்களிடம் வரும் நாள். “அப்பாவ இங்கயே வரச் சொல்லு” என்றாள். “நான் இருக்கேனேடி” என்றேன்.

“நீ ஒரு கையப் பிடிச்சுக்கோ, அப்பா ஒரு கை. ரெண்டு இருக்குல்ல? சண்டை போடாதீங்க.”

ஊசி ஏறும் கையை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். என்னால் முடியாது.

அவள் அம்மா