அலமாரியின் மேல் தட்டு

சாங்வி
26 ஏப்ரல் 2020

அன்புள்ள வித்யா,

நலம்தானே? போனில் பேசினால் நமக்குத் தாளக் கணக்கைத் தவிர வேறு பேச்சே வருவதில்லை. அதனால்தான் இந்த மெயில்.

நேற்று அனுப்பிய வீடியோவில் நம் நடனத்தின் என் பாதியைப் பார்த்தாயா? ஊரடங்கில் வீடுதானே மேடை; சோபாவைப் பால்கனிக்குத் தள்ளிவிட்டு, தரையின் நடுவே சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டு ஆடினேன். சிஞ்ச்வட் மேடையில் நாம் மோதி, சலங்கையோடு சலங்கை மாட்டி, பிரிக்க முடியாமல் சேர்ந்தே நொண்டிக்கொண்டு உள்ளே போனோமே, அன்றைக்கு நீ போட்ட சட்டம்: "கோதை, இனிமே கோட்டைத் தாண்டினா காலை ஒடிச்சிடுவேன்டி." தாண்டவில்லை. இடப்பக்கம் தோழியாக நான். வலப்பக்கம் நாயகி உனக்காகக் காலியாக இருக்கிறது. உன் முகம் பார்க்க வேண்டிய இடங்களில் அலமாரியின் மேல் தட்டைப் பார்த்து ஆடினேன். உன் உயரம் அதுதான்.

கீழ் வீட்டு அம்மாள் மாடிப்படியில் நின்று "ஹளூ, ஹளூ" என்று மராத்தியில் மெதுவாக ஆடச் சொல்கிறார். காலைத் தட்டாமல் ஆடப் பழகிவிட்டேன். ஒத்திகை முடிந்து ஔந்தில் ஸ்கூட்டரை நிறுத்தி வடா பாவ் தின்னாத சனிக்கிழமைகளுக்குத்தான் பழக முடியவில்லை.

இணைய விழாவுக்கு மே பதினைந்து கடைசித் தேதி. உன் பாதி வந்தால் என் தம்பி சபரி இரண்டையும் சேர்த்துத் தருவான்.

உன் கோதை


விமான் நகர்
16 மே 2020

அன்புக் கோதை,

நாலு முறை எழுதி அழித்துவிட்டேன்.

என் பாதியை ஆடத்தான் நின்றேன். எதிரே பதில் சொல்ல யாருமில்லை. நாயகியாகக் கேட்டுவிட்டு, நானே தோழியாகத் திரும்பிப் பதில் சொன்னேன். விளையாட்டாகத்தான். ஒருநாள் நான் போட்டிருந்த கோட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டு அறையின் நடுவில் நின்று பார்த்தேன். கையை முழுக்க நீட்ட முடிந்தது, கோதை. சேர்ந்து ஆடிய பதினொரு வருடத்தில் முதல்முறையாக.

விழாவுக்கு நேற்று அனுப்பியது அதைத்தான். நான் மட்டும் ஆடியதை. கேட்டிருந்தால் வருத்தத்தை மறைத்துக்கொண்டு நீ சரி என்றுதான் சொல்லியிருப்பாய். அதற்குப் பயந்தே கேட்கவில்லை.

இனிமேலும் தனியாகவே ஆட நினைக்கிறேன். திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

வித்யா


சாங்வி
7 ஜூன் 2020

வித்யா,

மூன்று வாரமாகக் கோபம். நேற்று விழாவில் உன் நடனம் வந்தபோதும் சமையலறையில்தான் இருந்தேன். அம்மாதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருடி இவ எதிர்ல நிக்கறது? கொஞ்சம் குனிஞ்சு, அவளையே பாத்துப் பேசறாளே" என்றாள்.

கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தேன். தோழியை நீ எந்த உயரத்திலும் நிறுத்தியிருக்கலாம். கேட்பார் யாருமில்லை. ஒவ்வொரு முறையும் தாடையைத் தாழ்த்தி, சரியாக என் கண் இருக்கும் இடத்தைப் பார்த்தாய். ஓர் இடத்தில்கூடத் தவறவில்லை.

தனியாகவே ஆடு. நன்றாக இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

நானும் கோட்டைத் துடைத்துவிட்டேன். நடுவில் நிற்கக் கால் கூசுகிறது. போகப் போகச் சரியாகிவிடும். தோழியாகப் பதில் சொல்லும்போது மட்டும் இன்னும் அலமாரியின் மேல் தட்டைத்தான் பார்க்கிறேன்.

உன் கோதை