ஒன்று போனால் பிளஸ்

வாசலில் பட்டறை வேன் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறது. நைட் ஷிஃப்ட் முடிந்து இப்போதுதான் தூங்குகிறீர்கள், எழுப்ப மனமில்லை. சண்டை போடவும் தெம்பில்லை.

உப்புமா ஹாட்பாக்ஸில் இருக்கிறது. வெளியே போனால் சாவியை மாடி வீட்டுக் கார்த்திகாவிடம் கொடுங்கள்.

கெமிஸ்ட்ரி டெஸ்டில் மார்க் குறைந்ததற்கு நேற்று நம் இஃபத்தைத் திட்டினீர்களே, அந்தத் தாளைப் பார்த்தேன். சோடியம் எலக்ட்ரானை இழந்தால் என்ன ஆகும் என்பது கேள்வி. "ஒண்ணு போனா மைனஸ்" என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். எலக்ட்ரானே மைனஸ்தான். அது போனால் மிச்சம் பிளஸ் அயனி. எங்கள் பட்டறையில் முலாம் பூசும் தொட்டியில் இருக்கும் நிக்கல் அயனியும் பிளஸ். அதனால்தான் மைனஸில் மாட்டிய சாமான்மேல் போய் ஒட்டுகிறது. சோடியத்தின் வெளிக்கூட்டில் இருப்பது ஒரே எலக்ட்ரான். அதைத் தள்ளிவிடத் துடிப்பதால்தான் தண்ணீர் பட்டாலே பற்றிக்கொள்கிறது.

அவள் நேற்று ராத்திரி சாப்பிடவில்லை. நான்கு மணிக்கு வருவாள். நீங்களே முதலில் பேசுங்கள்.

ஷாகிதா

பின்குறிப்பு: புத்தகத்தில் சரியாகத்தானே இருக்கிறது, ஏன் மாற்றி எழுதினாய் என்று காலையில் கேட்டேன். ஜடை பின்னிக்கொண்டே சொன்னாள்: "தெரியும்மா. அத்தா ஆசையா ஒக்காந்து சொல்லிக்குடுத்தாரு, அதப் போயி எப்டி தப்புன்னு எழுதறது?"