இருபது எம்.பி.க்குள் அம்மாவின் குரல்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். எல்லாக் கடிதத்திலும் எழுதுகிற வரிதான், ஆனால் இந்த முறை ஒப்புக்கு எழுதவில்லை. உன் அம்மாவுக்குக் குரல் வந்துவிட்டது. நீயும் உன் வானிலை நிலையத்தில் காய்ச்சல் இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறோம்.

தொண்டை அறுவைக்குப் பின் நான்கு மாதம் சிலேட்டில் எழுதியே என்னைத் திட்டியவள், செவ்வாய்க்கிழமை மருத்துவர் பேசலாம் என்றதும் சொன்ன முதல் வார்த்தை, செருப்பை ஒழுங்கா விட்டுட்டு உள்ள வாங்க என்பதுதான். கொஞ்சம் கரகரப்பு, மற்றபடி அதே அதிகாரம். நீ கேட்க வேண்டும் என்று அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உன் தீவிலோ தொலைபேசி எடுக்காது, மின்கடிதத்தோடு இருபது எம்.பி.தான் இணைக்கலாம், இந்தச் சனிக்கிழமையை விட்டால் பழுதுபார்ப்பு முடியும்வரை ஆறு வாரம் இணைப்பே இருக்காது என்று எழுதியிருந்தாய். நான் கைபேசியில் எடுத்த மூன்று நிமிட வீடியோ ஒரு ஜி.பி.யைத் தாண்டி நின்றது.

வீடியோவைச் சுருக்குவதுதான் உன் மாமாவின் பிழைப்பு, அவனைக் கேளுங்கள் என்றாள் அம்மா. அவனிடம் போவேனா. நீ பட்டம் வாங்கிய நாளில் நான் பதினான்கு நிமிடம் பேசியதை விழா வீடியோவில் நாற்பது நொடியாக வெட்டிப் போட்டவன் அவன். ஒன்பது வருடம் ஆகிறது, நான் மறக்கவில்லை. படித்தவன்தானே நான் என்று ஒரு செயலியை இறக்கிச் சுருக்கினேன். போதவில்லை. சுருங்கியதையே எடுத்து மறுபடி சுருக்கினேன், இப்படி ஐந்து முறை. படம் கெடக் கூடாதே என்று ஒலியை மட்டும் அடிமட்டத்துக்கு இறக்கினேன். கைபேசியில் இடமில்லை என்று முதலில் எடுத்த மூல வீடியோவை அழித்தும் விட்டேன். பதினெட்டு எம்.பி. வந்தது என்று மார்தட்டி அம்மாவிடம் காட்டினால், முகம் தரைக்கல் பதித்தது போல் கட்டம் கட்டமாக இருக்கிறது, குரல் குடத்துக்குள்ளிருந்து வருகிறது. நாலு மாசம் வாயப் பொத்திக்கிட்டு இருந்தது இதக் கேக்கவா என்றாள். சிரிப்பாள் என்று பார்த்தேன், கண் கலங்கிவிட்டது. அன்று வெள்ளி மதியம். வேறு வழியில்லாமல் நானே உன் மாமாவைக் கூப்பிட்டேன்.

அரை மணியில் வந்துவிட்டான், அதையும் சொல்ல வேண்டும். வந்ததும் மின்விசிறியை நிறுத்தினான், ஆடுகிற திரைச்சீலையைக் கழற்றினான், அக்காவைப் பொடிப் பூப்போட்ட உடையை மாற்றிவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் வெற்றுச் சுவரோரம் உட்காரச் சொன்னான். வீடியோ அசையாதத ஒரு தடவைதான் எழுதும் அத்தான், அசையறதத்தான் திரும்பத் திரும்ப எழுதும், அதுதான் இடத்தத் திங்குது, நீங்க ஒம்போது வருசமா அசையவே இல்ல, உங்கள எடுத்தா ஒரு எம்.பி. கூட ஆகாது என்றான். உன் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் முகத்தை இறுக்கமாகத்தான் வைத்திருந்தேன். குரலுக்கு இரண்டு எம்.பி. கூட வேண்டாமாம், அதில் கஞ்சத்தனம் கூடாது, படத்தின் அளவைத்தான் குறைக்க வேண்டும், அதுவும் மூலத்திலிருந்து ஒரே ஒரு முறை. மூலம் எங்கே என்று கேட்டான், அழித்துவிட்டேன் என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டான். நான் யாரோட மூலத்தையும் அழிச்சதில்ல அத்தான் என்று சொல்லிவிட்டு, பையிலிருந்த சேமிப்பு வட்டில் தேடி என் பதினான்கு நிமிடத்தைப் போட்டுக் காட்டினான். ஒரு சொல் குறையாமல் இருந்தது. ஐந்தாவது நிமிடத்தில் எனக்கே கொட்டாவி வந்தது, அதை அவனிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. ஆனாலும் ஒன்றரை நிமிடமாவது விட்டிருக்கலாம்.

இத்தோடு இருப்பது பத்தொன்பது எம்.பி. புதிதாக எடுத்தது. அம்மாவின் நெற்றிச் சுருக்கம் வரை தெரிகிறது. கடைசியில் அவள் என்னைப் பற்றிக் கோள் மூட்டும் இடத்தில் கேமராவுக்குப் பின்னால் இரண்டு பேர் சிரிப்பது கேட்கும், ஒருவன் உன் மாமா. வெட்டிரட்டுமா அத்தான் என்று கேட்டான். ஏற்கெனவே வெட்டியது போதும், இருக்கட்டும் என்றேன்.

கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ. வேளைக்குச் சாப்பிடு. நினைத்ததெல்லாம் நடந்து, சிரித்த முகமாக நூறாண்டு இரு. கோப்பு வந்ததும் இரண்டு இடத்தில் பத்திரப்படுத்து, மறந்தும் மறுபடி சுருக்காதே.

அந்த இரண்டாவது சிரிப்புக்குச் சொந்தக்காரன்,
உன் அப்பா