தெற்குச் சுவரின் மின்சாரம்

நவம்பர் 24
தெற்குச் சுவரில் சூரியத் தகடுகளைச் செங்குத்தாக மாட்டிவிட்டார்கள். கூரையில் வைத்தால் ஏப்ரல் வரை பனிக்கு அடியில்தான் கிடக்கும் என்று நான்தான் அடம்பிடித்தேன். பக்கத்து வீட்டு ஓனோதெரா எட்டிப் பார்த்து, "என்னம்மா கியோகோ, கணவாய் மீன் காயப்போடப் போறியா?" என்றார். சிரிக்கட்டும்.

டிசம்பர் 9
மேகம். ஒன்றுமில்லை.

டிசம்பர் 27
என் வீட்டுக்காரர் தெட்சுரோ முடிவே கட்டிவிட்டார். "நம்ம அசாஹிகாவா ஊர்க் குளிருக்கு இது சுத்த தண்டம். வர்ற கரண்ட்ல ஒரு ஹீட்டர்கூட ஓடல. பிப்ரவரியில தரகரை வரச் சொல்லிட்டேன். வீட்டை வித்துட்டு அடுக்குமாடிக்குப் போயிடலாம்."
அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சமையலறை ஜன்னலில் தெரியும் மலையை விட்டுவிட்டு எங்கே போவேன்? மாட்டேன், போகவே மாட்டேன். ஆனால் இந்தப் பாழாய்ப்போன மீட்டர் என் பக்கம் பேசமாட்டேன் என்கிறதே!

ஜனவரி 15
துடைத்துவிட்டாற்போல் நீல வானம். வழக்கம்போல் பனி அள்ளும் ஷவலை எடுத்து, தெற்குச் சுவரோரத்து வாசல் பனியைக் கறுப்புத் தார் தெரியும்வரை வழித்துவிட்டேன். இந்தத் தெருவில் என் வாசலுக்கு நிகரான வாசல் கிடையாது.
மீட்டர் பரவாயில்லை. ஹீட்டருக்குப் போதாது.

ஜனவரி 16
இன்றும் அதே வெயில். கடைக்குப் போய்த் திரும்பினால், ஓனோதெரா தன் வாசல் பனி மொத்தத்தையும் என் வாசலில் தள்ளிப் பரப்பியிருக்கிறார்! இந்த ஊரில் இதைவிடப் பெரிய அக்கிரமம் உண்டா? வயிறு எரிய ஷவலைத் தூக்கினேன். போகிற போக்கில் மீட்டரைப் பார்த்து— நின்றுவிட்டேன். நேற்றைவிட இவ்வளவு அதிகமா? எங்கிருந்து?
கண் கூசியது. அப்போதுதான் உறைத்தது. கீழே கிடக்கும் வெள்ளைப் பனி வெயிலைத் திருப்பித் தகடுகள்மேல் அடிக்கிறது. அட மடச்சி! இத்தனை நாளும் இடுப்பொடிய என் மின்சாரத்தை அல்லவா வழித்துக் கொட்டியிருக்கிறேன்!
ஓனோதெரா தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "தப்புதாம்மா. முதுகு வலி, தூரமா தள்ள முடியல."
"இன்னும் இருந்தா கொண்டாந்து கொட்டுங்கண்ணே."
மனுஷன் மிரண்டுவிட்டார். "நீ திட்டுறியா, நிஜமாத்தான் சொல்றியா?"

ஜனவரி 30
பகல் முழுக்க ஹீட்டர் ஓடியது. எங்கள் சொந்தக் கரண்டில்! தெட்சுரோ திரும்பத் திரும்ப எழுந்துபோய் மீட்டரையும் வாசல் பனியையும் பார்த்துவிட்டு வந்தார். சிரிப்பை அடக்கத்தான் படாதபாடு பட்டேன்.

பிப்ரவரி 18
தரகர் வந்தார். பாவம், நல்ல மனிதர். மணி அடிப்பதற்கு முன் மரியாதைக்காக ஷவலை எடுத்து வாசல் பனியை வழிக்க ஆரம்பித்தார். தெட்சுரோ வெறும் காலுறையோடு வெளியே பாய்ந்தார்.
"யோவ், வைய்யா அதைக் கீழ! அது எங்க வீட்டுக் கரண்டு!"
தரகர் ஷவலைப் போட்டுவிட்டார். "சரிங்க… அப்ப, வீட்டைப் பாக்கலாமா?"
"வாங்க, நல்லாப் பாருங்க. ஆனா விக்கறதுக்கு இல்ல."