நல்லா இரு, ஸ்மாரோ!

ஏதென்ஸ், 4 மார்ச் 1930

எதிரொலி வராமலிருக்க ஓட்டல் அறைச் சுவரெல்லாம் போர்வை தொங்குகிறது. நாளை இங்கேதான் பாட்டுப் பதிவு. ஜெர்மன் பொறியாளர் லிண்ட்னர் சொல்வதைக் கிரேக்கத்தில் சொல்வது என் வேலை. கல்லூரியில் பேர் கூப்பிட்டால் ‘உள்ளேன்’ சொல்லவே எனக்கு நா எழாது. இப்போது இன்னொருவருக்கு நான் வாய்! எங்கள் வீட்டின் முதல் பட்டம் வாங்கித் தந்த வேலை. அப்பா தான் வேலை பார்க்கும் புகையிலை ஆலை முழுக்கச் சொல்லிவிட்டார்.

5 மார்ச்

பாடகி ஸ்மாரோ வாத்தியக்காரர்களோடு வந்தார். ஸ்மிர்னாவிலிருந்து அகதியாக வந்தவர். துறைமுக மதுக்கடையில் அவர் பாடினால் கூட்டம் தெருவரை நிற்கும். இந்த இசைத்தட்டு நன்றாக வந்தால் கம்பெனி ஒப்பந்தம். இல்லையென்றால் அதே மதுக்கடைதான்.

“பாட்டு முடியும்வரை வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது” என்றார் லிண்ட்னர். அப்படியே சொன்னேன்.

பாட்டைப் பதிக்கும் முதல் மெழுகுத் தட்டு: சுருதி சுத்தம், உயிர் இல்லை. இரண்டாவதும் அப்படியே.

“என்ன, எழவு வீட்லயா பாடுறேன்? ஒருத்தராவது சத்தம் குடுங்கய்யா!” என்று ஸ்மாரோ வெடித்தார்.

“இந்தப் பொண்ணுதான் எங்க வாயைக் கட்டிடுச்சு” என்றார் சந்தூர் வாசிக்கும் லாசரோஸ்.

பாட்டுக்கு நடுவே பாடுகிறவரைப் பேர் சொல்லி வாழ்த்திக் கூவாவிட்டால் எங்கள் ஆட்களுக்குப் பாட்டே ஏறாது. லிண்ட்னரிடம் சொன்னேன். முடியாது என்றார். மிச்சம் ஒரே மெழுகுத் தட்டு.

மூன்றாவது. முதல் அடி முடிந்தது. ஸ்மாரோ கண்ணை மூடிக்கொண்டார். முகம் — ஐயோ, அந்த முகம். யாராவது... யாராவது கூவுங்களேன்...

“நல்லா இரு, ஸ்மாரோ!”

நானா? நான்தான்! ஒரு ‘அம்மா’ கூடப் போடாமல்!

அவ்வளவுதான். லாசரோஸும் கூவினார். அடுத்த அடியில் ஸ்மாரோவின் குரலுக்கு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. லிண்ட்னர் முறைத்தார், ஆனால் பதிவை நிறுத்தவில்லை.

6 மார்ச்

வேலை போச்சு. இனி வர வேண்டாம் என்றுவிட்டார் லிண்ட்னர். அப்பாகிட்ட எப்படிச் சொல்லுவேன்?

19 மே

கம்பெனியிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான். திட்டத்தான் என்று நினைத்துக்கொண்டே போனேன். உள்ளே ஸ்மாரோ, கையில் அன்று பதிந்த பாட்டின் புதுத் தட்டு.

“பன்னெண்டு பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டாச்சுடி! கூவுற பொண்ணு வராம பாட மாட்டேன்னு சொல்லிட்டேன்.” கன்னத்தைக் கிள்ளினார். இன்னும் வலிக்கிறது.

2 ஜூன்

அப்பா காப்பிக்கடையிலிருந்து பாடிக்கொண்டே வந்தார்.

“ஸ்மாரோ தட்டு கேட்டேன், கண்ணு. நடுவுல எவளோ கூவுறா பாரு, தைரியக்காரி! அதுல பாதியாவது உனக்கு இருக்கக் கூடாதா?”

“சரிப்பா” என்றேன், சூப்பைக் கிண்டிக்கொண்டே.

நாளை ஆறு பாட்டு. தொண்டைக்குத் தேன் வாங்க வேண்டும்.