மாஸ்டருக்குச் சல்யூட் அடிக்காதீர்கள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அப்பா நலம், நம் பழைய காரும் பின்பக்கம் நசுங்கிய ஓரிடம் தவிர நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, அவரவர் போனைக் கீழே வைத்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசிக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று கேட்பாய். நான் போனை எடுத்தால் உன் அப்பா என் தோள்மேல் காதை வைத்துக்கொண்டு நிற்கிறார், அவரைப் பற்றி அவர் காதுபடவே எப்படிப் பேசுவது, அதனால்தான் நீ துருவித் துருவிக் கேட்கும்போதெல்லாம் மழை பெய்கிறது வெயில் அடிக்கிறது என்று வானிலை அறிக்கை வாசித்துக்கொண்டிருந்தேன். இப்போது அவர் முன்னறை நாற்காலியில் தூங்குகிறார். நடந்ததை முழுக்க எழுதிவிடுகிறேன், நடுவில் பயந்துபோய் உடனே டிக்கெட் எடுத்துவிடாதே, கடைசிவரை படி.

டாக்டர் அப்பாவுக்கு மறதி நோய் என்று சொல்லி, இனி வண்டி ஓட்டக் கூடாது என்ற நாளிலிருந்து நீ சொன்ன யோசனைகளை எல்லாம் செய்து பார்த்தேன். சாவியை மாவு டப்பாவுக்குள் ஒளித்தேன், எப்படி மோப்பம் பிடித்தாரோ, வெள்ளைக் கையோடு வாசலில் நின்று என்னை வா என்று கூப்பிடுகிறார். பேட்டரி வயரைக் கழற்றினேன். காலையில் என்ன சாப்பிட்டோம் என்று தெரியாத மனிதர், முன்பக்க மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு எவனோ திருட்டுப்பயல் கழற்றியிருக்கிறான் என்று திட்டிக்கொண்டே ஒரு நொடியில் மாட்டிவிட்டார். டாக்டர் சொன்னதற்கு நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டுவார், வாசலுக்கு வந்ததும் நேரே போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்துகொள்வார். கேட்டால் மாணவர்கள் காத்திருக்கிறார்களாம். அவர் ஓட்டுநர் பள்ளியின் பலகையை இறக்கி எத்தனையோ வருஷம் ஆயிற்று, அந்த இடத்தில் இப்போது செல்போன் கடை இருக்கிறது, இதை அவரிடம் யார் சொல்வது. தனியாக விட மனசு வராமல் நானும் கூடவே ஏறிக்கொள்வேன். ஒருநாள் கடைத்தெருவில் ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் நுழைந்துவிட்டார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், தப்பான வழிக்குள் திரும்பும்போதும் முறையாக சிக்னல் போட்டுத்தான் திரும்பினார். இப்போது சிரிப்பாக எழுதுகிறேன், அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த வாரமே சிவப்பு விளக்கைப் பார்க்காமல் போய், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக் கடந்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் பக்கத்தில் உரசுகிற மாதிரி தாண்டினார். நான் போட்ட கத்தலில் எனக்கே தொண்டை கட்டிவிட்டது. அந்தப் பெண் தள்ளுவண்டியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்ற நிற்பு இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

போலீஸில் சொல்லு அம்மா, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றாயே, வேடிக்கையே அங்கேதான். இந்த ஊரில் சீருடை போட்டவர்களில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் உன் அப்பா. ஒருவழிப் பாதையில் போன அன்று சந்திப்பில் நின்ற காவலர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார், உள்ளே யார் என்று பார்த்ததும் விசிலை விட்டுவிட்டு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். ‘மாஸ்டர், இந்தப் பக்கமா வந்துட்டீங்களா, பரவாயில்ல, நான் பாத்துக்கறேன்’ என்று எதிரே வந்த வண்டிகளை எல்லாம் ஓரங்கட்டி எங்களுக்கு வழி செய்து கொடுத்தார். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை, கையை ஆட்டிக்கொண்டே போகிறார். சிவப்பு விளக்கில் நிற்காத அன்றும் இதே மரியாதைதான், கூடுதலாக வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று ஒரு விசாரிப்பு. அவரைத் தெரியாத ஆளும் ஒருவர் உண்டு, புறவழிச் சாலையில் ரோந்து போகிறவர். அவர் ஒருநாள் வண்டி வளைந்து வளைந்து போவதைப் பார்த்து அப்பாவைக் குடிகாரர் என்று நினைத்துவிட்டார். கதவைத் திறந்து கையைப் பிடித்து இழுத்து, கருவியில் ஊதச் சொல்லி, ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்க்கும்படி சத்தம் போட்டார். கருவி ஒன்றும் காட்டவில்லை என்றதும் போ போ என்று துரத்திவிட்டார். உன் அப்பா நடுங்கிக்கொண்டே ‘நான் என்ன தப்பு பண்ணினேன்’ என்று என்னைக் கேட்டார். எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. மறுநாள் அந்தச் சம்பவம் அவருக்கு மறந்துவிட்டது, பயம் மட்டும் மறக்கவில்லை. அதற்கப்புறம் சீருடையைக் கண்டாலே வேகத்தைக் கூட்ட ஆரம்பித்தார். பின்பக்கம் நசுங்கியது அப்படித்தான், ஒரு காவலரைப் பார்த்துப் பதறி பின்னால் எடுத்ததில் மின்கம்பத்தில் இடித்தது, நல்லவேளை கம்பத்தோடு போயிற்று.

அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டார், மாஸ்டர் வீட்டம்மா வந்திருக்காங்க, டீ சொல்லுங்க என்றார். டீயும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். ‘உங்க ஆளுங்க என் வீட்டுக்காரருக்கு சல்யூட் அடிச்சு அனுப்புறதும் ஒண்ணுதான், கத்தி அனுப்புறதும் ஒண்ணுதான். ரெண்டுலயும் கடைசியில அவர்தானே ஓட்டிட்டுப் போறார். நாளைக்கு ஒரு குழந்தை மேல ஏத்திட்டார்னா அப்ப யாருக்கு சல்யூட் அடிப்பீங்க’ என்றேன். கணவரைப் போலீஸ் பிடிக்கவில்லையே என்று புகார் கொடுக்க வந்த முதல் பெண்டாட்டி நானாகத்தான் இருப்பேன். இன்ஸ்பெக்டர் முகம் சுருங்கிவிட்டது. ‘எப்படிம்மா அவரை நிறுத்துறது, அப்பல்லாம் எனக்கு கியர் மாத்தவே கை வராது, அவர்தான் பொறுமையா சொல்லிக் கொடுத்தார்’ என்று தலையைக் குனிந்துகொண்டார். அப்போது பின்னால் மேசையில் எழுதிக்கொண்டிருந்த ஒரு பெண் காவலர், குட்டையாக முடி வெட்டியவள், வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, ‘அவரை எனக்குத் தெரியாது சார், நான் நிறுத்தறேன்’ என்றாள். அந்த வார்த்தை கேட்டு எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா.

சொன்னபடியே நிறுத்தினாள். தபால் நிலையம் தாண்டி, ஆள் நடமாட்டம் குறைவான இடமாகப் பார்த்து, சைரன் இல்லாமல், விசில் இல்லாமல், கையை மட்டும் காட்டினாள். தொப்பியைக் கழற்றிவிட்டு, அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, ஒரு சமயத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள், பதில் வரும்வரை அவசரப்படாமல் நின்றாள். எங்கே போறீங்க என்றதற்கு மாணவர்கள் காத்திருக்கிறார்கள் என்றார். பள்ளிக்கூடம் மூடியாச்சு என்று அவள் வாயைத் திறக்கவில்லை. ‘அப்ப நீங்க மாஸ்டரா! நான் ஓட்டறேன், நீங்க பக்கத்துல உக்காந்து தப்பு இருந்தா சொல்லுங்க’ என்றாள். என்ன ஆச்சரியம், மறு பேச்சில்லாமல் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு இறங்கிச் சுற்றி வந்து, என்னைப் பின்னால் அனுப்பிவிட்டு மிடுக்காக உட்கார்ந்தார். ஆயுசு முழுக்க அவர் உட்கார்ந்து சம்பாதித்தது பக்கத்து இருக்கையில்தானே, கூடவே இருந்த எனக்கு அது தோன்றவே இல்லை பார். வீட்டுக்கு வரும்வரை அந்தப் பெண்ணை ஒரு வழி பண்ணிவிட்டார். கண்ணாடி பார்க்கவில்லை, வளைவில் வேகம் குறைக்கவில்லை, ‘உனக்கெல்லாம் யாரு லைசன்ஸ் குடுத்தது’ என்று கேட்டார். அவள் எல்லாவற்றுக்கும் சரிங்க மாஸ்டர் என்றாள். வீட்டு வாசலில் இறங்கிய பிறகுதான் உண்மையையும் ஒளிக்காமல் சொன்னாள், ‘உங்க லைசன்ஸை மறுபடி சோதிக்கணும்னு எழுதி அனுப்பப் போறேன் மாஸ்டர். அபராதம் கிடையாது. நீங்க தப்பானவர்னும் எழுதல’ என்றாள். தாராளமா சோதிச்சுக்கோ என்றார் உன் அப்பா.

இந்த இடத்தை எழுதத்தான் கஷ்டமாக இருக்கிறது. சோதனை மைதானத்தில் பாதி தூரம் நன்றாக ஓட்டியவர் நடுவில் வண்டியை நிறுத்திவிட்டு, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் சுற்றுமுற்றும் பார்த்தார். சோதனை அதிகாரி நடந்துபோய்க் கதவைத் திறந்து, கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிவந்தார். லைசன்ஸ் போயிற்று. அதன்பிறகு அவர் சாவியைத் தேடவில்லை. நாம் வேண்டியதெல்லாம் அதுதானே, எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அவர் பேசவும் இல்லை, வெளியே கிளம்பவும் இல்லை, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ரோட்டில் எல்லாரையும் காப்பாற்றிவிட்டு இவரைத் தொலைத்துவிட்டோமே என்று நினைத்தேன். அந்தப் பெண்ணைத் திட்டிக்கொண்டு வந்த அன்று அவர் முகத்தில் இருந்த களை மட்டும் நினைவுக்கு வந்தபடியே இருந்தது. சரி, அவருக்குத் திட்ட ஒரு மாணவி வேண்டும், அது நானாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று முடிவு செய்தேன். சிரிக்காதே. கல்யாணமான புதிதில் அவரிடம் வண்டி கற்கப்போய் முதல் நாளே சண்டை போட்டு, நடுரோட்டில் இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தவள்தான் நான். இந்தத் தடவை தையற்காரரிடம் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு வேறொரு பள்ளியில் தலைகீழாக நின்று கற்றுக்கொண்டேன். இத்தனை நாளா போறே, ஒரு துணிகூட வீட்டுக்கு வரலையே என்று அவர் ஒருநாள் கேட்டாரே பார்க்கலாம், இவருக்கா மறதி என்று தூக்கிவாரிப் போட்டது.

லைசன்ஸ் வாங்கிய கையோடு அவரைக் கிளப்பி, ‘மாஸ்டர், நான் ஓட்டறேன், தப்பு இருந்தா சொல்லுங்க’ என்றேன். கட்டிய புருஷனை மாஸ்டர் என்று கூப்பிட வாய் கூசியது, ஆனால் மனிதர் நிமிர்ந்துவிட்டார். ஏறி உட்கார்ந்ததும் அவர் கால் கீழே எதையோ தேடியது. பள்ளி வண்டியில் மாஸ்டர் பக்கமும் ஒரு பிரேக் இருக்குமே, அதைத்தான். பிரேக் இல்லாத வண்டியில மாணவியை ஏத்த மாட்டேன் என்று அடம். நம் மெக்கானிக்கிடம் சொன்னேன். அவர் ஒரு பழைய பெடலைத் தேடிப்பிடித்து, ஸ்பிரிங் வைத்து, எதோடும் சேராமல் அந்தப் பக்கம் பொருத்திவிட்டார். மிதித்தால் போகும், விட்டால் வரும், அவ்வளவுதான், வண்டிக்கு அதனால் ஒன்றும் ஆகாது. இன்ஸ்பெக்டரிடமும் அந்தப் பெண் காவலரிடமும் காட்டி அனுமதி வாங்கிவிட்டேன். இப்போது ஸ்டேஷனில் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறார்கள், மறதிக்காரர் யார் ஓட்டிவந்தாலும் சல்யூட்டும் கிடையாது கத்தலும் கிடையாது, மெதுவாக நிறுத்து, ஒவ்வொன்றாகக் கேள், வண்டியை வாங்கிக்கொள், நீயே வீட்டில் கொண்டுபோய் விடு என்று. என்னையும் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். கொஞ்சம் பேசுங்க என்றார்கள், கிடைத்தது வாய்ப்பு என்று வெளுத்து வாங்கிவிட்டேன், ஒருத்தரும் உட்காரத் துணியவில்லை.

ஆனாலும் அந்தப் பெடலைப் பார்க்கும்போதெல்லாம் மனசு உறுத்தும். இவ்வளவு பெரிய மனிதருக்குப் பொம்மை கொடுத்து ஏமாற்றுகிறோமே என்று. போன வாரம் பள்ளிக்கூடம் விடுகிற நேரம், நான் கடைப் பலகையில் கண்ணை வைத்துக்கொண்டு ஓட்டுகிறேன், பக்கத்தில் ‘பிரேக்!’ என்று ஒரு சத்தம். பார்த்தால் அவர் கால் அந்தப் பெடலைத் தரையோடு அழுத்தியிருக்கிறது. அந்தச் சத்தத்தில் என் காலும் தானாக அழுத்திவிட்டது. வண்டி நின்ற இடத்துக்கு முன்னால், நின்றுகொண்டிருந்த பஸ்ஸின் மறைவிலிருந்து ஒரு சின்னப் பெண் ஓடிவந்து, எங்களைப் பார்த்துத் திருதிருவென விழித்துவிட்டு ஓடிப்போனாள். அவர் நிதானமாகக் காலை எடுத்து, ‘பாத்தியா, நான் பிரேக் போடலேன்னா என்ன ஆகியிருக்கும்’ என்றார். ஆமாங்க மாஸ்டர், நீங்கதான் நிறுத்தினீங்க என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை மகளே.

சின்னவளுக்கு என் முத்தம், மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகள், நீ நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நிறைவாக வாழ வேண்டும். லீவில் வரும்போது நான்தான் வண்டியோடு வந்து நிற்பேன், முன்கதவைத் திறக்காதே, அது மாஸ்டர் இடம், பின்னால் உட்கார், அவர் காலைப் பார்த்துச் சிரித்துத் தொலைக்காதே. இதை எழுதி முடிப்பதற்குள் எழுந்து வந்து யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டார். நம்ம பொண்ணுக்கு என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார், எனக்குப் பக்கென்றது. அப்புறம், ‘அவ கிளட்சைப் பட்டுனு விடுவா, மெதுவா விடச் சொல்லு’ என்றார். சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பாவிடம் தினமும் திட்டு வாங்கும்
உன் அம்மா